மூச்சுத் தசைப் பயிற்சி: நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் வீட்டில் முறையாகச் செய்ய முழுமையான வழிகாட்டி

மூச்சுத் தசைப் பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, அதை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது. இது ஊதும் கருவி அல்ல, இழுக்கும் கருவி. மூச்சை உள்ளே இழுக்கும் தசைகளுக்கு எதிராக ஒரு சுமையை வைத்து, அந்தத் தசைகளுக்கு வலுவேற்றுவதுதான் இதன் வேலை. இது புரிந்துவிட்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். மற்ற நாள்பட்ட நுரையீரல் நோய்களில் அளவும் எச்சரிக்கையும் மாறும். அங்கே உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

1. எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

சி.ஓ.பி.டி.யில் காற்று முழுதாக வெளியேறாமல் நுரையீரலிலேயே தேங்குகிறது. நுரையீரல் உப்பிப்போவதால், மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம், குடைபோல் மேலே வளைந்திருக்க வேண்டியது, தட்டையாகிவிடுகிறது. ஏற்கெனவே முழுதாக மடக்கிய கையால் வாளியைத் தூக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? சுருங்க இடமில்லாத தசையின் நிலை அதுதான். வேலை கூடுகிறது, வலு குறைகிறது, மூச்சு வாங்குகிறது.

பயிற்சி இந்தத் தசையின் வலுவையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் கூட்டும். அன்றாட வேலைகளில் இளைப்பு குறையலாம். ஆனால் சுருங்கிய மூச்சுக்குழாயை இது விரிக்காது. ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையின் அறிக்கையில் உள்ள எண்கள் ஏறும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இன்ஹேலருக்கும் நடைப்பயிற்சிக்கும் இது மாற்று அல்ல. ஏற்கெனவே நல்ல நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் நடந்துகொண்டிருப்பவருக்கு இதனால் நடக்கும் தூரம் மேலும் கூடும் என்று உறுதி சொல்ல முடியாது. மூச்சிழுக்கும் தசை பலவீனமாக இருப்பவர்கள், இளைப்பால் நடைப்பயிற்சியே செய்ய முடியாதவர்கள் ஆகிய இரு தரப்பினருக்குத்தான் இதில் கூடுதல் பயன் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2. முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கருவி வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால், வாங்கிய காசுக்காகவாவது செய்துபார்க்கலாம் என்றுதான் மனம் சொல்லும்.

ஒவ்வொரு மூச்சிலும் மார்புக்குள் எதிர்மறை அழுத்தம் பெரிதாக உருவாகிறது. கீழே உள்ள நிலைகளில் மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

- நுரையீரல் உறையில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிய அனுபவம் எப்போதாவது இருந்தால், அல்லது ஸ்கேனில் பெரிய காற்றுக் குமிழ்கள் தெரிந்தால்
- விலா எலும்பு முறிவு, அல்லது எலும்புகள் மிகவும் நலிந்திருந்தால்
- அண்மையில் மார்பிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால்
- கட்டுப்பாட்டில் இல்லாத இதய நோய், நுரையீரல் ரத்தக்குழாயில் உயர் அழுத்தம்
- செவிப்பறை கிழிந்திருந்தால், காதில் தொற்று இருந்தால்
- சளியில் ரத்தம் வந்தால்

கடுமையான சளி, காய்ச்சல், வீசிங் கூடியிருக்கும் நாட்களும் தொடங்க ஏற்ற நாட்கள் அல்ல.

3. வலுவை அளந்த பிறகே சுமை

பயிற்சியின் சுமை ஊகத்தில் வைப்பதல்ல. மூச்சை முழுதாக வெளியே விட்டபின், அடைத்த குழாய்க்கு எதிராக உங்களால் முடிந்த மட்டும் இழுக்கும்போது எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று ஒரு மீட்டரில் பார்ப்பார்கள். இதை எம்.ஐ.பி. என்பார்கள். அலகு, நீர் சென்டிமீட்டர். 60-க்குக் கீழே இருந்தால் தசை பலவீனமாக இருக்கலாம் என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். வயது, பாலினம் பொறுத்து இது மாறும்.

இந்தச் சோதனையில் முதல் இரண்டு முயற்சிகளை நம்ப வேண்டாம். பழகாதவர்கள் பாதி பலத்தில்தான் இழுப்பார்கள். இடையிடையே ஓய்வு கொடுத்துப் பல முறை எடுத்து, கிட்டத்தட்ட ஒரே எண் திரும்பத் திரும்ப வந்த பிறகு அவற்றில் உயர்ந்ததைக் குறித்துக்கொள்வதுதான் முறை. ஒரே ஒரு தடவை இழுக்கச் சொல்லி எழுதிக்கொண்டால், இன்னும் சில முறை எடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். தொடக்க எண் குறைவாகப் பதிவானால் சுமையும் குறைவாக அமைந்துவிடும். எட்டு வாரம் உழைத்தும் பலன் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

4. சரியான கருவி எது

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் மூன்று பந்துக் கருவி வீட்டில் கிடக்கிறது, அதுவே போதுமே என்று பலர் கேட்பார்கள். போதாது. அது நுரையீரலை ஆழமாக விரியவைக்க ஊக்குவிப்பதற்கானது. அளந்து வைக்கக்கூடிய சுமை அதில் இல்லை. பலூன் ஊதுவதும் இதில் சேராது. அது மூச்சை வெளியே தள்ளும் வேலை. காற்று ஏற்கெனவே உள்ளே சிக்கியிருப்பவருக்கு வலிந்து ஊதுவது இளைப்பைக் கூட்டவும் செய்யலாம்.

இழுக்கும் தசைக்கான கருவிகளில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்றில் சிறிதும் பெரிதுமாகத் துளைகள் இருக்கும், சிறிய துளையில் இழுப்பது கடினம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, உண்மையிலேயே. மெதுவாக இழுத்தால் சுமை குறைந்துவிடும். களைத்ததும் உடல் தானாகவே மெதுவாக இழுக்கத் தொடங்கிவிடும், உங்களுக்கே தெரியாது.

மற்றொன்று ஸ்பிரிங் வால்வு உள்ள வகை. திருகி வைத்த அழுத்தத்தை எட்டும்வரை வால்வு திறக்காது. வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் அதே அழுத்தத்தை எட்டியாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வாங்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: அளவுகோலில் உள்ள மிகக் குறைந்த எண், உங்கள் தொடக்கச் சுமையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கான கருவியின் முதல் படியே சிலருக்குத் தாங்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் படிகளை மட்டும் காட்டும் கருவியானால், ஒவ்வொரு படிக்கும் எத்தனை நீர் சென்டிமீட்டர் என்ற அட்டவணை உடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கருவி, மூக்கு கிளிப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம், ஒரு நோட்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியும் மேசையும் இருந்தால் நல்லது.

மூச்சுக்குழாயை விரிக்கும் வேக இன்ஹேலர் உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், பயிற்சிக்குச் சுமார் 15 நிமிடம் முன்பு எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழாய் விரிந்திருந்தால் விடும் மூச்சு எளிதாக வெளியேறும், காற்று தேங்காது. சளி கட்டியிருந்தால் முதலில் இருமித் துப்பிவிடுங்கள். பாதியில் சளி மேலே வந்தால் அந்தச் சுற்றே வீண்.

சாப்பிட்ட உடனே வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போது உதரவிதானம் கீழே இறங்க இடம் இருக்காது. குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் கழியட்டும். பல்செட் போட்டிருப்பவர்கள் கழற்ற வேண்டாம், கழற்றினால் உதடு தளர்ந்து காற்று கசியும்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்பவர்கள் பயிற்சிக்காக அதை எடுத்துவிடக் கூடாது. மூக்கு கிளிப்பும் ஆக்சிஜன் குழாயும் ஒன்றுக்கொன்று இடிக்கும் என்பதால் உங்களுக்கு எப்படிச் செய்வது என்று பிசியோதெரபிஸ்ட் நேரில் முடிவுசெய்ய வேண்டும்.

6. சுமையைத் திருகி வைப்பது

தொடக்கச் சுமை, அளந்த வலுவில் 30 சதவீதம். எம்.ஐ.பி. 60 என்றால் 18 நீர் சென்டிமீட்டர். இதற்குக் கீழே வைத்தால் தசைக்கு வேலையே இல்லை. எளிதாக இருக்கிறது என்று மகிழ்ச்சியாகச் செய்யலாம், ஆனால் வலு ஏறாது.

அதற்காக முதல் நாளே 18-இல் உட்கார வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் கருவியின் மிகக் குறைந்த சுமையில் மூச்சின் ஒழுங்கை மட்டும் பழகுங்கள். பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கூடுதல் சுமையில் தப்பாகப் பழகிவிட்டால் அப்புறம் திருத்துவது இரட்டை வேலை.

7. ஒரே ஒரு மூச்சு, சரியாக

முழுப் பயிற்சியும் இதில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

உட்கார்ந்து, உடலைச் சற்றே முன்னால் சாய்த்து, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கைகளுக்குத் தாங்கல் கிடைத்தால் தோளும் மார்பும் சேர்ந்து மூச்சுக்கு உதவ முடியும். உப்பிய நுரையீரல் உள்ளவர்களுக்கு இந்த நிலை இயல்பாகவே இதமாக இருக்கும்.

மூக்கு கிளிப்பை மாட்டுங்கள். வாய்க்குழாயைப் பல்லுக்கு இடையில் மெதுவாகப் பிடித்து, உதட்டைச் சுற்றி இறுக்கமாக மூடுங்கள். கிளிப் இல்லாமல் செய்தால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று திருடிக்கொள்வோம். வேண்டுமென்று செய்வதில்லை, உடல் எளிய வழியைத் தேடும்.

மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். வயிற்றை எக்கி, அழுத்தித் தள்ள வேண்டாம். அழுத்தினால் சின்னக் குழாய்கள் ஒடுங்கி, வெளியேற வேண்டிய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தானாகப் போகும் வரைக்கும் போகட்டும்.

அடுத்து, இழுப்பு. இது வேகமாகவும் பலமாகவும் இருக்க வேண்டும். வால்வு திறந்ததும் 'உஸ்' என்று காற்று போகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் உங்கள் ஆசிரியர். இழுப்பின் பெரும்பகுதி வரை தொடர்ந்து கேட்டால் சரி. தொடக்கத்தில் ஒரு கணம் கேட்டு உடனே நின்றுபோனால் சுமை அதிகம் என்று அர்த்தம். கடைசியில் சத்தம் சற்று முன்னதாக அடங்குவது இயல்புதான். நுரையீரல் நிறைய நிறையத் தசையின் வலு குறையும், வால்வு மூடிக்கொள்ளும்.

கண்ணாடி முன் உட்கார்ந்து கன்னத்தைப் பாருங்கள். உள்ளே குழி விழுகிறதா? அப்படியானால் உறிஞ்சுவது வாய்தான், மார்பு அல்ல. ஸ்ட்ராவில் குடிக்கும்போது நடப்பது இது. வாயால் உறிஞ்சினாலும் வால்வு சற்றே திறந்து சத்தம் எழுப்பிவிடும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். ஒரு கையை விலா ஓரத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளே காற்று போவது கையில் தெரிய வேண்டும்.

வயிறு முன்னால் தள்ள வேண்டும் என்று சிலர் வலியுறுத்துவார்கள். இயல்பாகத் தள்ளினால் நல்லது. நோய் முற்றியவர்களை வயிற்றால்தான் மூச்சு விட வேண்டும் என்று வற்புறுத்தினால் மார்பும் வயிறும் தாளம் தப்பி இளைப்பு கூடக்கூடும். விட்டுவிடுங்கள்.

கடைசியாக, மூச்சை மெதுவாக விடுவது. இழுக்க ஒன்றிரண்டு வினாடி என்றால், விட மூன்று நான்கு வினாடி. கருவியை வாயிலிருந்து எடுக்க வேண்டாம், வெளியே விடும் காற்றுக்குத் தடை இருக்காது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இழுப்பில் கவனம் முழுதும் போய்விடும், விடுவதை அரைகுறையாக விட்டு அடுத்த இழுப்புக்குப் பாய்வார்கள். ஐந்தாறு மூச்சுக்குள் மார்பு உப்பி, இனி இழுக்கவே இடமில்லை என்ற நிலை வரும். கருவி கஷ்டமாக இருக்கிறது என்று சொல்வார்கள். கருவியில் குறை இல்லை, வெளியே விட நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

8. ஒரு வேளைப் பயிற்சி

எளிய முறை: ஒரு வேளைக்கு 30 மூச்சு, நாளைக்கு இரண்டு வேளை, வாரத்தில் குறைந்தது ஐந்து நாள். தொடக்கத்தில் முப்பதையும் ஒரே மூச்சாகச் செய்ய வேண்டாம். பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் ஒரு நிமிடம் கருவியை எடுத்துவிட்டு உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விட்டு ஓய்வெடுங்கள்.

சுமையைக் கூடுதலாக வைத்துப் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. இரண்டு நிமிடம் பயிற்சி, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி ஏழு சுற்று. மொத்தம் சுமார் 20 நிமிடம். இதை வாரத்தில் மூன்று நாள் செய்தாலே போதும், ஆனால் மேற்பார்வை வேண்டும்.

ஒவ்வொரு வேளை முடிவிலும் நோட்டில் மூன்றை எழுதுங்கள்: சுமை, மூச்சு எண்ணிக்கை, இளைப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். 0 என்றால் இளைப்பே இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது. 4-இலிருந்து 6 வரை இருந்தால் சுமை பொருத்தம். நடைப்பயிற்சியை அதே நேரத்தில் சேர்க்காதீர்கள். களைத்த தசையோடு நடக்கப் போனால் இரண்டுமே கெடும். நடுவில் சில மணி நேரம் விடுங்கள்.

9. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

தலை லேசாகச் சுற்றுவது, உதட்டோரமும் விரல் நுனியும் குறுகுறுப்பது. அவசரமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததன் விளைவாக இது இருக்கலாம். கருவியை எடுத்துவிட்டு உட்கார்ந்திருங்கள், சில நிமிடத்தில் சரியாகும். அடுத்த முறை மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூட்டுங்கள். காது வலித்தாலும் நிறுத்திவிடுங்கள், சளிப்பிடித்திருக்கும் நாட்களில் அது வரும்.

ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே இறங்கினாலும் நிறுத்தி ஓய்வெடுங்கள். உங்கள் மருத்துவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் பிசகும், விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் திடீரெனக் குத்தி மூச்சுத்திணறல், மயக்கம், சளியில் ரத்தம், ஓய்வெடுத்தும் அடங்காத இளைப்பு: இவை எதுவானாலும் பயிற்சியை மறந்துவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். மார்பைச் சுற்றித் தசை வலிப்பது வேறு. முதல் வாரத்தில் அது சகஜம், ஓரிரு நாளில் தணியும்.

10. சுமையை ஏற்றுவது

முப்பது மூச்சையும் முடித்த பிறகு, தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மதிப்பெண் 4-க்குக் கீழே இருந்தால் சுமையைக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு 2 நீர் சென்டிமீட்டர், வாரத்துக்கு ஒரு தடவை. கூட்டிய அன்று மதிப்பெண் 7-ஐத் தொட்டால் பழைய இடத்துக்கே இறங்கி இன்னும் சில நாள் கழித்துப் பாருங்கள்.

நோட்டைப் பார்த்தாலே யார் எங்கே நின்றுவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஆறு வாரமாக 18, 18, 18 என்றே எழுதியிருப்பார்கள், மதிப்பெண் 5-இலிருந்து 2-க்கு இறங்கியிருக்கும். இளைப்பு குறைந்தது என்று அவர்களுக்குத் திருப்திதான். ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்தே அந்தத் தசைக்கு அது பயிற்சியாக இருந்திருக்காது.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை வலுவை மறுபடி அளந்து கணக்கைப் புதுப்பியுங்கள். 60 இருந்தது 72 ஆகியிருந்தால் 30 சதவீதம் என்பதே இப்போது ஏறக்குறைய 22. தாங்க முடிந்தவர்களை எட்டு வாரத்துக்குள் 50 சதவீதம் வரை கொண்டுபோகலாம். மாற்றம் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்தில் தெரியத் தொடங்கும்.

11. கழுவுவது

கருவி ஒருவருக்கு மட்டுமே. தினமும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, உதறி, காற்றில் உலர விடுங்கள். கொதிக்கும் நீரில் போடாதீர்கள், பிளாஸ்டிக் நெளியும். வால்வில் சளியோ சோப்போ ஒட்டினால் அது சரியாக மூடாது. சுமையே இல்லாதது போல் திடீரென எளிதாகிவிட்டால் வலு வந்துவிட்டது என்று நினைக்காமல் முதலில் வால்வைப் பாருங்கள்.

12. இடையில் நோய் கூடினால், எட்டு வாரம் முடிந்தால்

சளி நிறம் மாறி, இளைப்பு கூடி, மருந்து மாற்ற வேண்டி வந்தால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மருத்துவர் சரி சொன்ன பிறகு, விட்ட இடத்தில் தொடராமல் வலுவை அளந்து அதில் 30 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். படுக்கையில் கிடந்ததாலும், ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் எடுத்திருந்தால் அதனாலும் தசை தளர்ந்திருக்கும். பழைய சுமை இப்போது அளவுக்கு மீறியதாக இருக்கலாம்.

எட்டு வாரம் முடிந்து சுமை நிலைபெற்றவர்கள், அதே சுமையில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் வலுவைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்திவிட்டால் சில மாதங்களில் படிப்படியாகக் குறைந்துவிடும். அப்படி நின்றுபோனவர்கள் மறுபடி தொடங்கும்போது, மூன்றாவது பகுதியில் சொன்னபடி வலுவை அளப்பதற்கே திரும்ப வேண்டும்.